ராகு காலத்தில் படுத்த கம்ப்யூட்டர்கள்

போன மாதம் ஒரு காலையில் ஈப்போ பாசாரில் கெம்போங் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண். கெட்டிக்காரப் பிள்ளைதான். புதிதாக ஒரு புரோகிராமிங் மென்பொருளை ஏற்றினாளாம். மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர்கள் திடீர் திடீரென்று படுத்துக்கொள்கின்றனவாம். "அழிச்சு அழிச்சு மறுபடி ஏத்திப் பாத்துட்டேன் அக்கா, அப்பவும் அதே கதைதான்" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எதையும் தொடாதே, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அது படுக்கிற வரைக்கும் உட்கார்ந்து பார் என்று சத்தம் போட்டுவிட்டு வைத்தேன். மீன்காரர் தராசை நிறுத்திவிட்டு, வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்று விசாரித்தார்.

அவளுக்கு நான் சொன்னது பாதிதான். மீதியை மீன் கடையில் நின்று சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். இப்போது அங்கே மரமும் இல்லை, தொழிலாளர் லயமும் இல்லை, வரிசை வீடுகள் எழும்பியிருக்கின்றன. அதை எழுதி அழுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், என்னை விட்டுவிடுங்கள். படிப்பை முடித்ததும் ஈப்போவில் ஒரு சீனர் கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். முதலாளி, அதாவது தௌக்கே, பாதி மலாயும் பாதி கண்டனீஸ் சீனமும் பேசுவார், திட்டும்போது மட்டும் முழுக் கண்டனீஸ். ஒரு பொம்பளைப் பிள்ளை ஸ்குரூடிரைவரோடு போய் நின்றால் வாடிக்கையாளர்கள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து டெக்னீஷியன் எங்கே என்பார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டு நானே பிரித்துப் போடுவேன். அந்தக் கடையில் கற்றது ஒன்றே ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றிவிட்டுக் காத்திரு. ஒரேயடியாக மூன்றை மாற்றினால் சரியானாலும் ஏன் சரியானது என்று தெரியாது, கெட்டாலும் ஏன் கெட்டது என்று தெரியாது. தௌக்கே இதைச் சொல்லிச் சொல்லியே என் மண்டையில் ஆணி அடித்து இறக்கிவிட்டார்.

இரண்டாவது பாடத்தைக் கோப்பெங்கில் ஒரு நகைக்கடையில் படித்தேன். புதிய பில் போடும் மென்பொருளை ஏற்றியதிலிருந்து கம்ப்யூட்டர் அரை மணிக்கொரு தரம் அணைந்து போகிறது, மென்பொருளைத் தந்தவன் ஏமாற்றிவிட்டான் என்று முதலாளி குதித்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்தால், காற்றாடியை ஒட்டி ஒரு பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. முட்டை வேறு. காற்றே போகவில்லை, சூடேறி அணைகிறது. பல்லியை எடுக்கக் கை நீட்டினேன், முதலாளி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அவர் விலை சொல்லும்போதெல்லாம் அந்தப் பல்லி கத்துமாம். பல்லியே சொல்லிவிட்டது என்று வாடிக்கையாளர் பேரம் பேசாமல் வாங்கிப் போவார்களாம். வியாபாரத்தில் கை வைக்காதே என்றார். ஒரு மணி நேரம் வாதாடி, பல்லியைச் சகல மரியாதையோடு பழைய வளையல் பெட்டிக்கு மாற்றி, கம்ப்யூட்டர் துளைகளுக்குக் கொசுவலைத் துணி ஒட்டினேன். மென்பொருளில் ஒரு குற்றமும் இல்லை. மென்பொருள் ஏற்றிய பிறகு படுத்தது என்றால் மென்பொருளால்தான் படுத்தது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதே, அவ்வளவுதான்.

இந்த இரண்டு பாடத்தையும் வைத்துக்கொண்டு பாதி ஆயுளை ஓட்டிவிட்டேன். கடைசியாக நான் வேலை பார்த்த இடத்தில் இரண்டும் உதவாமல் போகப் பார்த்தன.

அது ஈப்போவில் ஒரு கடை வரிசையின் மாடியில் இருந்த சிறிய மென்பொருள் நிறுவனம். தோட்டங்களுக்குக் கணக்குப் போடும் மென்பொருள் செய்து கொடுப்போம். யார் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை எத்தனை வெட்டினார், யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் லீவு, இப்படி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தாலும் ஆள் எண்ணுவது மட்டும் மாறவில்லை.

முதலாளி வீராசாமி. நாங்கள் பாஸ் என்போம். தோட்டத்தில் ஆள் மேய்க்கும் தண்டலாக இருந்தவரின் மகன். தினமும் காலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்து யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பார், தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பது போல அதற்குப் பெயரே பெரட்டு. குளிர்சாதன அறையில், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, புரோகிராமர்கள் பெரட்டுக்கு நின்ற ஒரே ஆபீஸ் எங்களுடையதாகத்தான் இருக்கும். தாமதமாக வந்தால் திட்ட மாட்டார். "உடம்பு சொகமா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அதற்குப் பயந்தே எல்லாரும் நேரத்துக்கு வந்துவிடுவோம். நல்ல மனுஷன். ஆனால் நேரம் காலம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். கணக்குப் பார்க்கும் லெச்சுமியின் மேசைக்கு மேலே நாள்காட்டி தொங்கும். பாஸ் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதானாலும் முதலில் லெச்சுமியைப் பார்ப்பார், லெச்சுமி நாள்காட்டியைப் பார்ப்பாள், தலையாட்டினால்தான் பேனா மூடி திறக்கும்.

ஒரு பெரிய வாடிக்கையாளர், கணக்கு இனிமேல் கைபேசியிலேயே வேண்டும் என்று கேட்டார். எங்கள் பழைய புரோகிராமிங் மென்பொருளில் அது முடியாது. புதியதற்கு மாறியே ஆகவேண்டும். அது தெரிந்த ஆளாக நசீரைச் சேர்த்தோம். சேர்த்தோம் என்ன, நான்தான் பாஸிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். நசீர் ஈப்போவில் பேர் பெற்ற ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரரின் மருமகன். மாமனார் கடையில் கல்லாவில் உட்கார வேண்டியவன், ராத்திரி ராத்திரியாக ஆன்லைனில் படித்து புரோகிராமர் ஆனான். ஆறு மாதம் தாக்குப் பிடிக்கிறாயா பார்ப்போம், இல்லாவிட்டால் கல்லாவுக்கு வா என்று மாமனார் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். எங்கள் ஆபீசிலும் ஆறு மாதம் கழித்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். பையனுக்கு அந்தக் கடிதம் ஒன்றுதான் மாமனார் வாயை அடைக்கும் வழி.

நசீர் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்பது கம்ப்யூட்டர்களிலும் புதிய மென்பொருளை ஏற்றினான். மறுநாளே ஆறு கம்ப்யூட்டர் நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்தன.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. அந்த மென்பொருள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய்க் கைபேசியை உண்டாக்கி ஓட்டிப் பார்க்கும். எங்களிடம் இருந்த பழைய வைரஸ் தடுப்பு அந்தப் பொய்க் கைபேசியைத் திருடன் என்று நினைத்துக் கழுத்தைப் பிடித்தது. என் வழக்கப்படி ஒரு கம்ப்யூட்டரை மட்டும் எடுத்தேன். ஞாபகச் சில்லைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. சூட்டைப் பார்த்தேன், சரி. வைரஸ் தடுப்பை நீக்கிவிட்டு ஒரு நாள் முழுக்க ஓடவிட்டேன், படுக்கவில்லை. மறுபடி போட்டேன், படுத்தது. அப்புறம்தான் மற்ற எட்டிலும் கை வைத்தேன். புதிய தடுப்பு மென்பொருள் ஏற்றி, கையைக் கழுவிக்கொண்டு வந்து பாஸிடம் சரியாகிவிட்டது என்றேன்.

பாஸ் என்னைப் பார்க்கவில்லை, லெச்சுமியைப் பார்த்தார். லெச்சுமி நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, நசீர் மென்பொருளை ஏற்றியது செவ்வாய் மூன்றரை மணிக்கு, முழு ராகு காலம் என்றாள். முதல் கம்ப்யூட்டர் படுத்தது புதன் பன்னிரண்டரைக்கு, அதுவும் ராகு காலம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ராகு காலம் என்பது தினமும் ஒன்றரை மணி நேரம். கிழமைக்குக் கிழமை இடம் மாறும். அந்த நேரத்தில் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது என்பார்கள். ஏற்கெனவே தொடங்கிய வேலை நடந்துகொண்டிருந்தால் குற்றமில்லை.

மறுநாள் பெரட்டில் பாஸ் புதுச் சட்டம் போட்டார். இனி ராகு காலத்தில் யாரும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. அந்த நேரத்தில் எல்லாரும் பின்னால் சமையலறைக்கு வந்துவிட வேண்டும், அவரே தேத்தண்ணி போட்டுத் தருவார். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய எலெக்ட்ரிக் பாய்லர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். நசீருக்கு மட்டும் விலக்கு. உங்க பழக்கத்துல நாங்க தலையிட மாட்டோம் தம்பி, நீ உன் வேலையப் பாரு என்று தோளில் தட்டிச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். நசீருக்கும் வேலை மலைபோல் இருந்தது, சந்தோஷமாகத் தலையாட்டினான்.

பாஸின் தேத்தண்ணியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வார். ராகு காலம் பிறப்பதற்குச் சற்று முன்னால் பாய்லரைத் தண்ணீரால் நிரப்பி வைத்துக்கொண்டு லெச்சுமியின் குரலுக்காகக் காத்திருப்பார். ராகு காலம் பிறந்ததும் சுவிட்சைப் போட மாட்டார், அது புது வேலை. பிறப்பதற்குச் சரியாக ஒரு நிமிஷம் முன்னால் போடுவார், அப்படிப் போட்டால் அது ஏற்கெனவே தொடங்கிய வேலை. பக்கத்தில் மின்சார அடுப்பிலும் அதே கையோடு பால் ஏறும். பிறகு எல்லாருக்கும் தானே ஆற்றி ஊற்றி, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, இனிப்பு பத்துமா என்று கேட்பார். பத்தாது என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. உண்மையாகவே ருசியாக இருக்கும்.

புரோகிராமர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? அவர்களும் இதே சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எழுதியதை எல்லாம் ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதற்கு 'பில்ட்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கம்ப்யூட்டர் அரை மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடும். லெச்சுமி "இன்னும் ஒரு நிமிஷம்" என்று குரல் கொடுத்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பில்டை அழுத்திவிட்டு எழுந்து வருவார்கள். நல்ல நேரத்தில் தொடங்கிய வேலை, ராகு ஒன்றும் செய்ய முடியாது, நாம் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருக்கும் என்று கணக்கு.

தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினால் எல்லாக் கம்ப்யூட்டரும் செத்துக் கிடக்கும். நடுவில் நசீர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான்.

ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. செவ்வாய் மத்தியானம் மூன்றுக்கு, புதன் பன்னிரண்டுக்கு, வியாழன் ஒன்றரைக்கு, வெள்ளி பத்தரைக்கு. ராகு எங்கே போகிறாரோ அங்கே கூடவே போய்ப் படுத்தன. திங்கட்கிழமை மட்டும் ஒன்றும் ஆகாது. அன்றைக்கு ராகு காலம் காலை ஏழரைக்கே வந்துவிடும், ஒன்பது மணி வரை யாரும் கம்ப்யூட்டரைத் திறப்பதே இல்லை. லெச்சுமி அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள், திங்கள் சிவனுக்கு உகந்த நாளாம்.

நான் பார்க்காத இடம் இல்லை. கம்ப்யூட்டர் தன் பதிவேட்டில் 'எதிர்பாராமல் நின்றுவிட்டேன்' என்று எழுதி வைத்திருக்கும். அது எனக்கே தெரியும், அதற்கு எதற்குக் கம்ப்யூட்டர்? மின்சாரத்தையும் அளந்தேன், பிளக்குக்குப் பிளக் மீட்டரைச் சொருகிப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. அளந்ததெல்லாம் நல்ல நேரத்தில். ராகு காலத்தில் நான் சமையலறையில் பாஸ் கையால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். டெக்னீஷியன் ராகு காலத்தில் பெட்டியைத் திறந்தால் தொலைந்தது என்று பாஸ் என்னைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வார். மின்சாரம் போனால் தாங்குவதற்கு மேசைக்கு மேசை யூ.பி.எஸ். இருந்தது, பேட்டரி செத்து அவற்றின் மேல் லெச்சுமியின் பூந்தொட்டிகள் இருந்தன. புது பேட்டரி கேட்டதற்கு ஆடி முடியட்டும் என்றார் பாஸ். இந்த நம்பிக்கையெல்லாம் இல்லாத எனக்கே ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தது. ஒரு நாள் வீட்டுக்குப் போகும் வழியில் துர்க்கை சன்னதிப் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சு மெல்ல நசீர் பக்கம் திரும்பியது. அவன் ஏதோ செய்கிறான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவர்கள் சொன்னது, பாவம் நல்ல பையன், கைராசி இல்லை என்று. அவன் கை பட்ட மென்பொருள், அவன் மட்டும் உட்கார்ந்திருக்கும் நேரம், எல்லாம் படுக்கிறது. கைராசி இல்லை என்றால் அதை எப்படிப் பொய் என்று காட்டுவது? எந்த மீட்டரை வைத்து அளப்பது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நசீர் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். மத்தியானத்தில் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் பாஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முகம் வாடியிருந்தது. மேசை இழுப்பறையைத் தொட்டுக் காட்டி, நசீருக்குக் கடிதம் தயார் என்றார். ஆறு மாதமும் முடிகிறது, நிரந்தரம் இல்லை, இன்றோடு சரி. வாடிக்கையாளர் அடுத்த வாரம் பார்க்க வருகிறார், இப்படியே போனால் எல்லாருக்கும் வேலை போய்விடும், ஒருத்தனைப் பார்த்து எட்டுப் பேர் குடும்பத்தைக் கெடுக்க முடியுமா என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"இப்பவே குடுத்துருவேன். ஆனா பத்தரைக்கு ராகு பொறக்குது, அவன் பையக் கட்டிக்கிட்டு படியெறங்கறதுக்குள்ள வந்துரும். வேலைய விட்டு அனுப்புறதுனாலும் நல்ல நேரத்துல அனுப்பணும், பையன் போற எடத்துல நல்லா இருக்கணும். பன்னண்டு அடிக்கட்டும், தொழுகைக்குப் போறப்ப கையில குடுக்குறேன்."

மனுஷனை என்ன செய்வது சொல்லுங்கள். சீட்டைக் கிழிப்பதற்கும் நல்ல நேரம் பார்க்கிறார். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தை நசீருக்குக் கொடுத்தது ராகு காலம்தான். அதற்காக ராகுவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வெளியே வந்து நசீர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒவ்வொரு முறையும் முதலில் எந்தக் கம்ப்யூட்டர் படுக்கிறது என்று கேட்டேன். இத்தனை நாளில் அதை அவனிடம் ஒழுங்காகக் கேட்டிருக்கவில்லை.

"முதல்ல ஒண்ணு, அப்பறம் ஒண்ணுன்னு இல்லக்கா. எல்லாம் ஒரே நேரத்துலதான் போவும். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள எல்லாம் ரோசாக், கெட்டுப்போச்சு."

மென்பொருள் கோளாறு என்றால் ஒன்பதும் கைகோத்துக்கொண்டு ஒரே நொடியில் விழாது. ஒன்று இப்போது, ஒன்று பத்து நிமிஷம் கழித்து என்று விழும்.

லெச்சுமி குரல் கொடுத்தாள். எல்லாரும் பில்டை அழுத்திவிட்டு எழுந்து போனார்கள். பாஸ் சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார், வயிறு சரியில்லை என்று சொல்லி நாற்காலியிலேயே ஒட்டிக்கொண்டேன். ஒன்பது கம்ப்யூட்டரின் காற்றாடிகளும் ஒன்றாகச் சீறத் தொடங்கின. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் டக்கென்று ஒரு சுவிட்ச் விழுந்தது. மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கு ஒரு கணம் மங்கியது, ஏசி ஒரு முறை முனகியது, ஒன்பது திரையும் கறுத்தன. தடுப்புக்கு அப்பாலிருந்து பாஸின் குரல் வந்தது.

"தண்ணி வச்சாச்சு. எல்லாம் வாங்கலா."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தத் தடுப்பு பிற்பாடு வைத்தது. முன்பு அது ஒரே அறை, சமையலறை பிளக்கும் கம்ப்யூட்டர் பிளக்கும் ஒரே வயரில். பாய்லரும் அடுப்பும் ஒன்றாக இழுக்கும்போது மின்சாரம் ஒரு நொடி தொய்கிறது. கம்ப்யூட்டர் சும்மா இருந்தால் தாங்கிக்கொள்ளும். எல்லாரும் பில்டை அழுத்திவிட்டு வந்ததால் ஒன்பதும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன, தாங்கவில்லை. ராகுவிடமிருந்து தப்பிக்க இவர்கள் செய்த இரண்டு காரியமும் சேர்ந்துதான் ராகு.

போய்ச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. பாஸ் அகப்பையோடு நின்று, சோதித்துக் காட்டு என்றார். அதற்குக் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டும், பில்டை அழுத்த வேண்டும், பாய்லரை அணைத்து மறுபடி போட வேண்டும், எல்லாம் ராகு காலத்தில். ஒருத்தரும் கையை நீட்டவில்லை. நான் வரட்டுமா என்றான் நசீர். அவன் கை பட்டால் அதையே காரணம் சொல்வார்கள், உட்கார் என்றேன். ஒன்பது கம்ப்யூட்டரையும் நானே திறந்து, நானே பில்டை அழுத்தினேன். லெச்சுமி வாய்க்குள் ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாய்லரையும் அடுப்பையும் முன்னாலேயே அணைத்துவிட்டேன். கம்ப்யூட்டர்கள் சீறிக்கொண்டு ஓடின. நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம், எதுவும் படுக்கவில்லை. பால் ஆறி ஆடை கட்டியது.

பிறகு நசீரைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், தேத்தண்ணி வடிகட்டியைக் கையில் கொடுத்து, பாஸ் பக்கத்தில் நிறுத்தினேன். கம்ப்யூட்டர் இருக்கும் பக்கமே அவன் திரும்பக்கூடாது என்றேன். பாஸிடம் இப்போது நீங்கள் போடுங்கள் என்றேன். பாஸ் சுவிட்சுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சுவிட்சையும் அழுத்தினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற புரோகிராமர்கள், அய்யோ என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

பாஸ் ஓடி வந்து கறுத்துக் கிடந்த திரைகளைப் பார்த்தார். மறுபடி போடு என்றார். நான் மறுபடி திறந்து பில்டை அழுத்தினேன், அவர் போய்ச் சுவிட்சைப் போட்டார். படுத்தன. இன்னொரு தரம் என்றார். அதற்கும் படுத்தன. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அப்ப என் தேத்தண்ணியா, சரஸ்?"

ஆமாம் பாஸ் என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் தன் அறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தார். கதவைச் சாத்த மறந்துவிட்டார், நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளை உறையைக் கையில் எடுத்தார். நசீர் வடிகட்டியை இன்னும் கையில் பிடித்தபடி கதவருகில் போய் நின்றான்.

"அது எனக்குத்தானே பாஸ்?"

"ஆமா தம்பி. ஒனக்கு எழுதினதுதான்." பாஸ் உறையோடு சேர்த்து நான்காகக் கிழித்தார். லெச்சுமி வாயைத் திறக்கப் போனாள், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "கிழிக்கிறதுக்கு நேரம் பாக்க வேண்டாம்."

பிறகு நிரந்தரக் கடிதத்தை அச்சடிக்கச் சொன்னார். லெச்சுமி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அச்சாகட்டும் பாஸ், கையெழுத்து மட்டும் பன்னிரண்டுக்கு மேல் போடுங்கள் என்று கெஞ்சினாள். அவள் சொன்னதும் தப்பில்லை. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது? நானும் அதைத்தான் நினைத்தேன். நசீரே அதைச் சொன்னான்.

"பரவாயில்ல பாஸ், பன்னண்டு ஆகட்டும். இல்லாட்டி நீங்க இன்னிக்குத் தூங்க மாட்டீங்க. நான் பொறுத்துக்கிறேன்."

பாஸ் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் கேலி செய்யவில்லை, மனசாரத்தான் சொன்னான். அவர் அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"நீ பொறுத்ததெல்லாம் போதும் தம்பி," என்றார். "லெச்சுமி, பேனாவக் குடு."

அச்சான கடிதத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டார். வழக்கமாகப் பாதிப் பக்கத்தை அடைக்கும் கையெழுத்து அன்றைக்குக் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் வந்தது. போட்டு முடித்ததும் கூரையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டார். லெச்சுமி கண்ணை இறுக மூடியிருந்தாள். நசீர் வடிகட்டியை என் கையில் திணித்துவிட்டு, இரண்டு கையாலும் கடிதத்தை வாங்கினான். படிக்கவில்லை. தொழுகைக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கினான். பாதிப் படியில் உட்கார்ந்து தேம்பிய சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பாய்லருக்குத் தனி வயர் இழுத்தோம், நல்ல நாள் பார்த்துத்தான். ராகு காலத் தேத்தண்ணியும் நிற்கவில்லை. நான் ஓய்வு பெறும் வரை பாஸ் எத்தனையோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், ஒவ்வொன்றுக்கும் லெச்சுமி தலையாட்ட வேண்டியிருந்தது. அவள் தலையாட்டாமல் போட்டது அந்த ஒன்றுதான். நசீர் இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறான்.